கையில் இருக்கிற போனை எவ்வளவு தூரம் நம்பலாம்?

(புதிதாக வந்தவர்களுக்காக நடந்த சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



இந்த மழைக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள், சந்தோசம். தேத்தண்ணி வரும் வரைக்கும் ஒரு சின்ன வேலை தருகிறேன். எல்லோரும் உங்கட போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வையுங்கோ. இப்ப சொல்லுங்கோ: இந்த நிமிசமே அது செத்துப் போனால், உங்கட சொலிசிற்றரின் இலக்கம் உங்களுக்குப் பாடமா? நீங்கள் தங்கியிருக்கிற இடத்தின் போஸ்ற்கோட்? ஊரில் இருக்கிற அம்மாவின் நம்பர்?

போன முறை இதே கேள்வியைக் கேட்டபோது கை தூக்கியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்குத் தெரிந்தது ஊரில் இருந்த பழைய வீட்டு நம்பர்.

உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த ஒருவருக்குப் போன்தான் இப்போது வீடு. கேஸ் அதற்குள், கடிதங்களின் படம் அதற்குள், வழி அதற்குள், மொழிபெயர்ப்பு அதற்குள், அம்மாவின் குரலும் அதற்குள். இவ்வளவையும் ஒன்றுக்குள் வைக்கிறோம் என்றால், அது எந்த இடத்தில் தாங்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று அளந்து பார்க்க வேண்டாமா? சைக்கிள் வாங்கினாலே பிறேக்கைப் பிடித்துப் பார்த்துத்தானே ஏறுகிறோம்.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பிக்குச் சொலிசிற்றருடனான சந்திப்பு வேறு நாளுக்கு மாறியது. தகவல் எனக்கு வந்தது. உடனே வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதிப் போட்டேன். அனுப்பியாயிற்று, என்ர வேலை முடிந்தது என்று அடுத்த ஆளின் பைலைத் திறந்துவிட்டேன். அந்தத் தம்பியின் அறை கட்டடத்தின் பின்பக்கம், அங்கே சிக்னல் கிடையாது. வைஃபையும் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அவர் பழைய திகதிக்கே இரண்டு பஸ் மாறிப் போய், கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். என்ர செய்தியில் கடைசி வரைக்கும் ஒரே ஒரு சரி அடையாளம்தான் இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு மூன்று கிழமை காத்திருக்க வேண்டி வந்தது. அது சொலிசிற்றர் சந்திப்பு என்பதால் அந்த அளவோடு போயிற்று. ஹோம் ஒபிஸ் இன்ரவியூ என்றால்? தகுந்த காரணம் இல்லாமல் இன்ரவியூவுக்குப் போகாத ஒருவர் தன்னுடைய கேஸைக் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விதி இடம் கொடுக்கிறது.

அந்த ஒரு சரி அடையாளம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் நான் கவனமாகப் படித்தேன். செய்தி வாட்ஸ்அப் நிறுவனத்தின் கம்பியூற்றருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு அடையாளம் வந்தால் மற்றவரின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போய்ச் சேர்ந்தாலும் வாசித்தார் என்று இல்லை. குறுஞ்செய்தியும் இப்படித்தான். மற்ற ஆளின் போன் நிறுத்தியிருந்தால் கம்பெனி அதைச் சில காலம் வைத்திருந்து பார்க்கும், பிறகு விட்டுவிடும். மின்னஞ்சல் மற்ற ஆளின் குப்பைப் பெட்டிக்குள் போய்ப் படுத்திருந்தால் உங்கட திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நான் ஊரில் கணக்குப் படிப்பித்தவள், அந்தப் பழக்கம் விடாது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு செய்தி போய்ச் சேர எத்தனை பேர் ஒழுங்காக இருக்க வேண்டும்? உங்கட போனும் பற்றறியும் ஒன்று. பக்கத்து ரவர் இரண்டு. சிம் கம்பெனியின் உள் கம்பியூற்றர்கள் மூன்று. செயலிக்காரரின் சேர்வர் நாலு. மற்றவருடைய போன் ஐந்து. ஒவ்வொன்றும் நூறுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வேலை செய்கிறது என்று வையுங்கோ. இது கணக்குக்காக நான் எடுத்த எண், அளந்த எண் இல்லை. ஐந்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கிற தடவைகள் எத்தனை? 0.99ஐ ஐந்து தடவை பெருக்கினால் 0.95 வரும். அதாவது இருபது செய்தியில் ஒன்று தவறும். ஒவ்வொருவரும் நல்ல பிள்ளைகள், ஆனால் சேர்ந்து ஓடுகிறபோது இருபதுக்கு ஒன்று பிழைக்கிறது.

அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இருபதுக்கு ஒன்று பிழைக்கிற இரண்டு வழிகள் உங்களிடம் இருந்து, ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாமல் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பிழைப்பது நானூறுக்கு ஒன்று. அந்த 'சம்பந்தமில்லாமல்' என்பதுதான் இங்கே முக்கியம். நம்மட ஆட்கள் பலர் பிழை விடுவதும் அதில்தான்.

ஒரு அண்ணா என்னிடம் பெருமையாகச் சொன்னார், "ரீச்சர், என்னட்ட இரண்டு சிம் இருக்குது, ஒண்டு போனாலும் மற்றது இருக்கும்" என்று. எடுத்துப் பார்த்தால் இரண்டு கம்பெனிப் பெயர், ஆனால் இரண்டும் ஒரே ரவரில் ஓடுகிறவை. இந்த நாட்டில் கடைகளில் எத்தனையோ பெயரில் சிம் விற்கிறார்கள். அடியில் ரவர் வைத்திருந்தவை நாலு கம்பெனிகள்தான்: ஈஈ, ஓ2, வொடஃபோன், த்றீ. இதில் வொடஃபோனும் த்றீயும் 2025இல் ஒன்றாக இணைந்துவிட்டன. நம்மவர்கள் அதிகம் வாங்குகிற லெபாரா வொடஃபோனில் ஓடுகிறது, கிஃப்காஃப் ஓ2வில் ஓடுகிறது. ஆகவே இரண்டு சிம் வைத்திருக்க வசதி இருந்தால், இரண்டும் எந்த ரவரில் ஓடுகின்றன என்று கேட்டு வாங்குங்கோ.

இது வெறும் பயம் காட்டுகிற கதை இல்லை. 2018 டிசம்பர் 6ஆம் திகதி காலை ஓ2வின் டேற்றா நின்றது. ஓ2 மட்டுமா? அதே வலையில் ஓடிய கிஃப்காஃப், ரெஸ்கோ மொபைல், ஸ்கை மொபைல் எல்லாம் கூடவே விழுந்தன. லண்டனில் பஸ் தரிப்பிடங்களில் பஸ் எத்தனை நிமிசத்தில் வரும் என்று காட்டுகிற பலகைகளும் அணைந்தன. அடுத்த நாள்தான் நிலைமை சீரானது. காரணம் என்ன என்று பார்த்தால், எரிக்சன் நிறுவனம் கொடுத்திருந்த மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. நாங்கள் காட் முடிகிற திகதியைக் கவனிக்காமல் விட்டு அலைகிற மாதிரித்தான். அதே மென்பொருளை வைத்திருந்த ஜப்பானின் சொஃப்ற்பாங்க் வலையும் அதே நாளில் விழுந்தது. வெளியே ஆயிரம் பெயர் இருக்கலாம், உள்ளே ஒரே ஆணியில் தொங்கினால் எல்லாம் ஒன்றாகத்தான் விழும்.

அதனால் உங்கட இரண்டாவது வழி இன்னொரு செயலியாக இருக்க வேண்டாம். வாட்ஸ்அப்புக்குப் பதில் வைபர் என்பது இரண்டாவது வழி இல்லை. இரண்டும் அதே போனில், அதே பற்றறியில், அதே சிம்மில் ஓடுகின்றன. ஒரு தாளும் பேனையும், அல்லது பக்கத்து அறையில் இருக்கிற ஒரு நம்பிக்கையான ஆளின் நம்பர், அதுதான் இரண்டாவது வழி. தாளுக்குச் சார்ச் தேவையில்லை.

இனி, உங்கட போன் சேவையை எப்படி அளப்பது? திரையில் காட்டுகிற கோடுகளை நம்பி அளக்க வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்று ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் எண்ணப்படிதான் தீர்மானிக்கிறது, பொது அளவு கிடையாது. அதோடு கோடு முழுதாக இருந்தும் ஒன்றும் நகராமல் இருக்கும். ஊரில் சங்கக்கடை வாசலில் நின்ற நினைவு சிலருக்கு இருக்கும். கடைக்குப் பக்கத்தில் நிற்பது வேறு, சாமான் கைக்கு வருவது வேறு. கோடு என்பது கடைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். வரிசையில் எத்தனை பேர் என்று சொல்லாது. இரவு எட்டு மணிக்கு முழு ஹொஸ்ரலும் ஒரே ரவரில் படம் பார்க்கிறபோது உங்கட வீடியோ கோல் வெட்டுவது அதனால்தான்.

ஒஃப்கொம் என்ற கண்காணிப்பு அமைப்பின் இணையத்தளத்தில் போஸ்ற்கோட்டைப் போட்டால் எந்தக் கம்பெனி அங்கே நன்றாக எடுக்கும் என்று படம் காட்டும். சிம் வாங்க முதல் அதைப் பாருங்கோ, காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அது கணித்துச் சொல்வது. உங்கட அறை நிலக்கீழ் அறையா, சுவர் எவ்வளவு தடிப்பு என்று அதற்குத் தெரியாது.

உங்கட அறையை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஒரு கிழமை போதும். காலை, மத்தியானம், இரவு எட்டு மணி, படுக்கிற நேரம். கட்டிலில், குசினியில், பஸ் தரிப்பில், றிப்போட்டிங் போகிற வழியில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நண்பருக்கு எடுங்கோ. முதல் தடவையே பிடித்ததா, பத்து நிமிசம் வெட்டாமல் நின்றதா, இந்த இரண்டு கேள்விதான். கொப்பியில் சரி அல்லது பிழை போடுங்கோ. கிழமை முடிவில் உங்களுக்கே தெரியும், எந்த மணிக்கு எந்த மூலையில் நின்று சொலிசிற்றருடன் கதைக்கலாம் என்று. ஒரு அக்கா இப்படி அளந்து பார்த்துத்தான் குளியலறை யன்னலடி நல்லது என்று கண்டுபிடித்தா. இப்போதும் அங்கேதான் நின்று கதைக்கிறா.

பத்து நிமிசம் என்று ஏன் சொன்னேன்? இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை ஐந்து செக்கன் மட்டும் வெட்டுகிற ஒரு தொடர்பை எடுங்கோ. கணக்குப் பார்த்தால் 99 வீதத்துக்கு மேல் வேலை செய்கிறது. கம்பெனி அதை நல்ல சேவை என்றுதான் சொல்லும். ஆனால் ஒரு மணித்தியாலம் உங்கட கதையைச் சொல்லுகிறபோது ஆறு இடத்தில் அது வெட்டும். அந்த ஆறில் ஒன்று, நீங்கள் "இரண்டாயிரத்து" என்று தொடங்கிய பிறகு வந்தால்? 2007ஆ, 2009ஆ? மொழிபெயர்ப்பாளர் தனக்குக் கேட்டதைச் சொல்லுவார். எழுதுகிறவர் எழுதுவார். பிறகு ஒரு நாள் "அப்போது ஒரு வருடம் சொன்னீர்கள், இப்போது வேறு வருடம் சொல்கிறீர்கள்" என்று கடிதம் வரும். எப்போதாவது கிடைக்கிறதா என்பது ஒரு கேள்வி, தொடங்கினால் முடியும் வரைக்கும் நிற்குமா என்பது வேறு கேள்வி. அம்மாவுடன் கதைக்க முதலாவது போதும். கேஸுக்கு இரண்டாவது வேண்டும்.

தாமதமும் அப்படித்தான். குரல் ஒரு பக்கத்தால் மறுபக்கம் போக 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் இயல்பாகக் கதைக்கலாம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். அதற்கு மேல் போகப் போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குவார்கள், பிறகு இரண்டு பேரும் நிற்பார்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளரும் வேறு இடத்தில் இருந்தால் இன்னும் மோசம். பார்க்கிறவருக்கு நீங்கள் யோசித்து யோசித்துச் சொல்வது போலத் தெரியும். ஆகவே வெட்டினால், பிந்தினால், மரியாதை பார்த்துத் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள், லைன் வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கோ. எத்தனை தடவை வேண்டுமென்றாலும் சொல்லுங்கோ. முடிந்த பிறகு திகதி, மணி, எத்தனை தடவை வெட்டியது என்று கொப்பியில் எழுதி சொலிசிற்றருக்குக் கொடுங்கோ.

அல்கிர்தாஸ் அவிஷியேனிஸ், ஜோன் குளோட் லப்ரி, பிறையன் ரண்டெல், கார்ல் லண்ட்வேர் என்ற நாலு அறிஞர்கள் 2004இல் இதைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். ஒரு கம்பியூற்றர் அமைப்பை எப்போது நம்பகமானது என்று சொல்லலாம் என்பது கேள்வி. நியாயத்தோடு நம்பக்கூடிய சேவையைத் தருகிறபோது என்பது அவர்கள் சொன்ன பதில். எனக்குப் பிடித்தது அந்த 'நியாயத்தோடு' என்ற சொல். நாங்கள் எல்லோரும் போனை நம்புகிறோம்தான். எதைப் பார்த்து நம்புகிறோம் என்று கேட்டால் பதில் இல்லை.

சத்தம் போட்டுப் பிழைக்கிறதுக்கும் சத்தமில்லாமல் பிழைக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. சிக்னல் இல்லை என்று போன் சொன்னால் நல்லது, நீங்கள் வெளியே போய் நின்று எடுப்பீர்கள். மொழிபெயர்ப்புச் செயலி பிழைக்கிறபோது அப்படிச் சொல்லாது. அழகான இங்கிலிஸில் பிழையைத் தரும். நாங்கள் ஆட்களைப் பற்றிக் கதைக்கிறபோது "அவை வந்தவை, அவை கேட்டவை" என்போம். எழுத்துத் தமிழில் 'அவை' என்றால் பொருட்கள். அதோடு நாங்கள் யார் என்று சொல்லாமலே "வந்து கேட்டிட்டுப் போட்டினம்" என்று முடிப்போம், இங்கிலிஸுக்கு ஒரு எழுவாய் கட்டாயம் வேண்டும், செயலி தானே ஒன்றைப் பிடித்துப் போடும். வந்தது ஆட்களா சாமானா, ஒருவரா பலரா என்பது உங்கட கேஸில் உயிர்நாடியாக இருக்கலாம். கடையில் பருப்புக் கேட்க, பஸ் விசாரிக்க செயலி நல்லது. ஹோம் ஒபிஸ் கடிதத்தை அதில் வாசித்து, பதிலையும் அதிலேயே எழுதி அனுப்புவது வேண்டாம். கடிதத்தைக் கொண்டு எங்களிடம் வாங்கோ.

அவசர நேரத்துக்கு 999 அல்லது 112. உங்கட கம்பெனிக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே எடுக்கிற வேறு எந்தக் கம்பெனியின் ரவராலும் அந்த அழைப்புப் போகும். காசு இல்லாவிட்டாலும் போகும். ஆனால் இந்த நாட்டில் போனுக்குள் ஒரு சிம் இருக்க வேண்டும். சிம்மைக் கழற்றி மற்ற போனில் போட்டுவிட்டு, பழைய போனைப் பிள்ளைகளிடம் "அவசரத்துக்கு வைச்சிருங்கோ" என்று கொடுத்துவிட்டு வருகிறவர்கள் கவனியுங்கோ. 'பொலிஸ்' அல்லது 'அம்புலன்ஸ்', பிறகு போஸ்ற்கோட், பிறகு 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள்.

999உம் ஒரு நாள் தடுமாறியது. 2023 ஜூன் 25இல் அந்த அழைப்புகளை ஏற்கிற பிரிட்டிஷ் ரெலிகொம்மின் அமைப்பு பத்து மணித்தியாலத்துக்கு மேல் குழம்பியது. ஏறத்தாழ 14,000 அழைப்பு முயற்சிகள் போய்ச் சேரவில்லை. 2024இல் ஒஃப்கொம் 17.5 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. எனக்கு அதில் மனதில் நின்றது வேறு. அவர்களிடம் மாற்று அமைப்பு ஒன்று தயாராக இருந்தது. அதற்கு மாற முதலில் முயன்றபோது சரிவரவில்லை. எப்படி மாறுவது என்ற குறிப்புகள் ஒழுங்காக எழுதப்படவில்லை, வேலை செய்தவர்களுக்கும் அது பழக்கமில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இப்படி என்றால், ஒரு நாளும் எடுத்துப் பார்க்காத உங்கட இரண்டாவது சிம்முக்கு என்ன நடந்திருக்கும்? பாவிக்காமல் வைத்த சிம்மைச் சில மாதத்தில் கம்பெனி நிறுத்திவிடும். எத்தனை மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நாட்காட்டியில் ஒரு திகதி போட்டு மாதம் ஒரு தடவையாவது அதில் ஒரு கோல் எடுங்கோ.

ஊரில் இருந்து பழைய போன் கொண்டு வந்தவர்களுக்கு ஒரு சொல். இந்த நாட்டில் கம்பெனிகள் 2024, 2025 காலத்தில் 3ஜீயை நிறுத்திவிட்டன. 4ஜீயில் குரல் கதைக்கத் தெரியாத போன் 2ஜீக்கு இறங்கித்தான் கதைக்கும். த்றீக்கு 2ஜீயே கிடையாது. டேற்றா ஓடுகிறது, கோல் மட்டும் போகாது என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். போனில் பழுது இல்லை, புதுசு வாங்க ஓட முதல் சிம்மை மாற்றிப் பாருங்கோ.

கடைசியாக உங்கட இலக்கம். மலிவு விலை கண்டவுடன் சிம்மை மாற்றுகிற பழக்கம் நம்மட ஆட்களிடம் இருக்கிறது. இனி வேண்டாம். கம்பெனியை மாற்றினாலும் இலக்கத்தைக் கொண்டு போகலாம், கடையில் கேளுங்கோ. கேஸ் வென்று விசா கிடைக்கிறபோது முந்தி மாதிரிக் கையில் அட்டை தர மாட்டார்கள். பழைய பீ.ஆர்.பீ. அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 என்ற திகதியோடு காலாவதியாகின. அதன் இடத்தில் இப்போது ஈ-விசா. அந்தக் கணக்கைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் பதிந்த போனுக்கு அல்லது மின்னஞ்சலுக்கு ஒரு கோட் வரும். வேலைக்கு, வீட்டுக்குக் காட்டுகிற ஷெயார் கோட்டையும் அந்தக் கணக்குக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். விசா கிடைத்த பிறகு இப்போதைய தங்குமிடத்தில் இருக்க விடுகிற நாட்கள் கொஞ்சம். அந்த நாட்களுக்குள் கோட் பழைய நம்பருக்குப் போனால், அந்த நம்பர் ஏற்கெனவே வேறு யாருடைய கையிலோ இருந்தால், வீடு தேடுகிற நேரத்தில் உங்களை நீங்கள் யார் என்று நிரூபிக்க அலைய வேண்டி வரும். ஆகவே போனையும் மின்னஞ்சலையும் இரண்டையும் பதியுங்கோ. மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி போனோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கோ. இலக்கம் மாறத்தான் வேண்டும் என்றால், மாற்றிய அன்றே சொலிசிற்றருக்கும் ஹோம் ஒபிசுக்கும் எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்குப் பதில் வரும் வரைக்கும் விடாதேங்கோ.

நானும் இப்போது பழக்கத்தை மாற்றிவிட்டேன். திகதி, மணி, இடம் பற்றி நான் அனுப்புகிற எந்தச் செய்திக்கும் "கண்டேன்" என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கோ. பெருவிரல் படம் போட்டாலும் சரி. மாலைக்குள் அது வராவிட்டால் நான் கோல் எடுப்பேன், அதுவும் பிடிக்காவிட்டால் நீங்கள் தங்கியிருக்கிற இடத்தின் அலுவலகத்துக்கு எடுப்பேன். தொல்லை என்று நினைக்க வேண்டாம்.

தேத்தண்ணி வந்துவிட்டது. கதவடி மேசையில் சின்னக் கொப்பிகள் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று எடுங்கோ. முதல் பக்கத்தில் நம்பர்கள் எழுத இடம் விட்டிருக்கிறது. எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கோ, எழுதத் தெரியாத நம்பரை இப்பவே பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கோ. போனை இனித் திருப்பலாம்.